நல்லசிவம் அணைத்த மஞ்சள் விளக்கு

ஆலாம்பாளையம் பிரிவில் ஒரு மோட்டார் சைக்கிளில்கூட மஞ்சள் விளக்கு எரியாமல் போன வருஷத்தில்தான் அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பழுதானார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஊர் ஒப்புக்கொள்ள ஒரு சித்திரையும் ஓர் ஆடியும் தேவைப்பட்டன, ஒப்புக்கொண்ட பிறகு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு ஒன்றும் தெரியாது. பெட்ரோல் வந்தால் ஓடும், தீர்ந்தால் நிற்கும். இப்போதைய வண்டிகளிலோ பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறார்கள், அளவு சொல்ல சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டிக்குச் சேதி சொல்ல உடம்பெங்கும் சென்சார்கள் இருக்கின்றன: உள்ளே போகும் காற்று சூடா குளிரா, எஞ்சின் சூடேறிவிட்டதா, ஓட்டுகிறவன் கை எவ்வளவு முறுக்கியது, புகையில் பிராணவாயு மிச்சம் இருக்கிறதா, வண்டி நிற்கிறதா சாய்ந்து கிடக்கிறதா. புல்லுக்கு ஓர் அறிவு, நத்தைக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, மனிதனுக்கு ஆறு என்று உயிர்களைத் தட்டுத் தட்டாக அடுக்கிய பழைய இலக்கணக்காரர்கள் இன்று இருந்தால் நூற்றைம்பது சிசி வண்டியை எட்டறிவு என்று வகுத்து மனிதனுக்கு மேல் தட்டில் வைத்திருப்பார்கள், உரை எழுதியவர்கள் எட்டா ஒன்பதா என்று முந்நூறு வருஷம் சண்டை போட்டிருப்பார்கள். இந்த எட்டில் ஒன்று பொய் சொன்னாலோ வாயை மூடிக்கொண்டாலோ மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கும். நீளமாக ஒரு மினுக்கல் என்றால் பத்து, குட்டியாக ஒன்று என்றால் ஒன்று, கூட்டிப் பார்த்தால் பழுதின் நம்பர்.

ஊருக்குச் சாலை பிரியும் அந்தப் பிரிவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நல்லசிவம். பெரிய ஊர்களில் இதற்கென்று ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். நல்லசிவத்திடம் அது இல்லை, கண் இருந்தது. சாவியைத் திருப்பிவிட்டு இரண்டடி தள்ளி நின்று, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் மாதிரிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எண்ணுவான்: நீளம் இல்லை, குட்டி ஒன்பது, அப்படியானால் காற்றின் சூடு பார்க்கும் சென்சார், நீளம் ஐந்து, குட்டி நான்கு, அப்படியானால் சாய்வு சென்சார். சுவரில் ஒட்டியிருந்த நம்பர் அட்டவணையை அவன் திரும்பிப் பார்த்ததே கிடையாது. கண்டுபிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கண்டுபிடித்த பிறகுதான் கஷ்டம். சென்சார் கோயமுத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும், வண்டிக்காரருக்கு ஒரு மணி நேரம் பொறுக்காது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: வண்டி ஏதோ ஓடுகிறது, அந்த விளக்குதான் கண்ணை உறுத்துகிறது, அதை மட்டும் அணைத்துக் கொடு.

அணைக்க வழி இருந்தது. சீட்டுக்கு அடியில் சிவப்பு மூடி போட்ட சாக்கெட்டில் இரண்டு ஓட்டைகளைக் கம்பியால் இணைத்து, சாவியைப் போட்டு, சரியான நொடியில் கம்பியை உருவி மறுபடி சொருகினால் கறுப்புப் பெட்டி தன் ஞாபகத்திலிருந்து நம்பரை அழித்துவிடும். மற்ற ஊர்களில் இப்படி அழித்தால் பழுது அப்படியே இருக்கும், ஐந்தாவது கிலோமீட்டரில் விளக்கு திரும்பவும் மினுக்கும். நல்லசிவம் அழித்தால் மினுக்காது. அவன் கம்பிக்குப் பதிலாகத் தன் அக்காவின் கொண்டை ஊசியை வளைத்து வைத்திருந்தான். அதனாலா, வேறு எதனாலா என்று யாரும் ஆராயவில்லை. சென்சார் செத்துக் கிடந்தாலும் வண்டி ஷோரூமிலிருந்து நேற்று இறங்கியதுபோல ஓடியது. வண்டியை விட்டுப் போன பழுது எங்கே போயிற்று என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பால் சொசைட்டி செயலாளரின் வண்டியில் ஒன்பதாம் நம்பரை அழித்த மறுநாள், டீக்கடைப் பெரியதம்பி சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து கடை திறந்தார். சூடு எது, ஆறினது எது என்பது அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. அவர் போட்ட டீ ஒரு நாள் நாக்கைப் பொசுக்கியது, மறுநாள் பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஊர் டீக்கடையை மாற்றவில்லை. முதலில் குடித்தவர் பெஞ்சில் இருந்தபடியே ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டுவார், அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் ஊதிக் குடிப்பதா மடமடவென்று குடிப்பதா என்று முடிவு செய்தார்கள். அடுத்து ஏழாம் நம்பர், எஞ்சின் சூடு. எஞ்சின் ஆறிக் கிடக்கிறது என்று நினைத்தால் கறுப்புப் பெட்டி கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். அதே சட்டப்படி, ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. சாமியப்பன் எந்நேரமும் இப்போதுதான் எழுந்தவர்போல மத்தியானம் மூன்று மணிக்குப் பல் விளக்கி, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து பிரித்து, இட்லி கேட்டார். அவர் மனைவி மாவு ஆட்டுவதை இரண்டு மடங்காக்கினாள்.

ஐம்பத்துநான்கு, டுடோரியல் நடத்திய கனகசபை வாத்தியாருக்குப் போயிற்று. அவர் இடப்பக்கமாக இருபது பாகை சாய்ந்து நடந்தார், தாம் சாய்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. அவரோடு பேசுகிறவர்கள் மரியாதைக்காகத் தாங்களும் கொஞ்சம் சாய்ந்தார்கள். பஸ் கண்டக்டர் அவருக்கு இடது ஜன்னலோர சீட்டை ஒதுக்கினார். ஸ்டூடியோக்காரர் கேமராவைச் சாய்த்து எடுத்த போட்டோவில் வாத்தியார் செங்குத்தாக இருந்தார், பின்னாலிருந்த ஜன்னல்தான் கவிழ்ந்துவிடும்போல இருந்தது. இப்படி ஆடி பிறப்பதற்குள் பதினொரு பேர். தொடர்பு தெரியவந்த பிறகு கல்யாணத் தரகர் ஜாதகத்தின் மூலையில் பென்சிலால் நம்பர் குறிக்கத் தொடங்கினார்: பையனுக்குப் பதினொண்ணு இருக்குதுங்க, வேகந் தெரியாது, மத்தபடி தங்கமான எடம். பதினொன்று என்றால் கொஞ்சம் யோசித்தார்கள், ஏழு என்றால் சாப்பாட்டுச் செலவுதானே என்று சம்மதித்தார்கள்.

தொடர்பைக் கண்டுபிடித்தவள் நல்லசிவத்தின் அக்கா துளசிமணி. அவள் ஆரம்பப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். சமையலர் இடம் இரண்டு வருஷமாகக் காலி என்பதால் தொண்ணூற்று நான்கு பிள்ளைகளுக்குச் சமைப்பதும் அவள்தான். ஊரில் அவளிடம் திட்டு வாங்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமே. அந்தத் திட்டில் கெட்ட வார்த்தை இருக்காது, ஆனால் திட்டு வாங்கியவரின் தட்டு, நகம், சட்டைப் பொத்தான், நேற்று சொன்ன பொய் எல்லாம் வரிசை தவறாமல் வரும். இருபத்தைந்து வருஷமாகப் பதிவேடு எழுதியவளின் ஞாபகம் அப்படி. அந்தப் பதிவேட்டுப் பழக்கத்தில்தான் அவள் ஒரு பக்கம் வண்டிகளின் தேதியும் மறுபக்கம் ஆட்களின் தேதியும் எழுதி, தம்பியின் முன்னால் விரித்து வைத்தாள்.

"ஏன்க்கா, வெளக்கு அணைஞ்சுதா இல்லியா?" என்றான் நல்லசிவம்.

"வெளக்கு அணைஞ்சுது. பழுது எங்கடா போச்சு?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். பிறகு, இனிமேல் அழிப்பதில்லை, சென்சார் வரவழைத்து மாற்றித்தான் கொடுப்பேன், திங்கட்கிழமையிலிருந்து என்று சத்தியம் செய்தான். அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை செல்லமுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சென்னிமலைப் போர்வைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாரத்துக்கு ஐந்து சந்தைக்கு ஓடுகிறவன். ஓர் இடத்தில் உட்கார்ந்து அவனை யாரும் பார்த்ததில்லை. விளக்கு ஒரு நீளமும் ஒன்பது குட்டியும் மினுக்கியது. பத்தொன்பது, கிராங்க் சென்சார். எஞ்சின் சுற்றில் எந்த நொடியில் தீப்பொறி போட வேண்டும் என்று சொல்கிற சென்சார் அது. அது சொல்லாவிட்டால் பெட்ரோல் நிறைய இருந்தும், பேட்டரி நல்லபடியாக இருந்தும், எஞ்சின் தொடங்காமல் சும்மா இருக்கும். செல்லமுத்துவுக்கு அன்றைக்கு வெள்ளகோவில் சந்தை. நல்லசிவம் சுவர்க் காலண்டரைப் பார்த்தான், திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, கொண்டை ஊசியை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை துளசிமணி கட்டிலிலேயே இருந்தாள். ஓய்வு எடுக்கிறாள் என்று நினைத்த தம்பி பிற்பகலில் கையைப் பிடித்து எழுப்பிவிட்டதும் எழுந்து நடமாடினாள். திங்கட்கிழமையும் அப்படியே எழுப்பிவிட்டான், பள்ளிக்கூடம் போனாள், அரிசி அளந்து களைந்து வைத்தாள், அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள், உரசவில்லை. மயக்கமில்லை, காய்ச்சலில்லை, கேட்டதற்கு மெல்லிய குரலில் பதில் சொன்னாள், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. எப்போது தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. பதினொரு மணிக்கு உதவியாளர் ராமாத்தாள் பருப்புக் குண்டாவோடு போகும்போது தெரியாமல் அவள் தோளில் இடித்தாள். துளசிமணி குச்சியை உரசினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், இடித்ததற்காக ராமாத்தாளையும் பருப்பில் கல் இருந்ததற்காக மளிகைக்காரரையும் மழை பெய்யாததற்காக வானத்தையும் திட்டிக்கொண்டே தொண்ணூற்று நான்கு பேருக்கும் பரிமாறி முடித்தாள், மூன்று மணிக்குப் பதிவேடு எழுத உட்கார்ந்தாள், பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது.

எஞ்சினுக்கு இந்தப் பழுது வந்தால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் ஓடாது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மனிதர்கள் எஞ்சினைவிட ஒரு தட்டு மேல். துளசிமணியை யாராவது தோளில் கைவைத்து மெல்லத் தள்ளினால் போதும், அடுத்த முறை உட்காரும்வரை ஓடுவாள். எனவே ஊர் முறை போட்டது. விடியலில் வீட்டில் தம்பி; ஒன்பது மணிக்கு, அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்கு, முறைக்காரர்; மூன்று மணிக்கு ராமாத்தாள். முறைப் பட்டியல் பள்ளிக்கூட கேட்டில் ஒட்டப்பட்டது. சாமியப்பன் தம் முறையன்று குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து தள்ளினார். வாத்தியார் தள்ளினால் அன்றைக்கு முழுவதும் அவள் இடப்பக்கமாகவே போகிறாள் என்று ராமாத்தாள் புகார் செய்தாள். வெளியூர் போகிறவர்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். அந்த மாதம் சாப்பாடு ஒரு நாளும் நிற்கவில்லை, ஊர் தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டது.

நான்காவது வாரத்தில்தான் நல்லசிவம் ஒன்றைக் கவனித்தான். அக்கா யாரையும் திட்டுவதில்லை. "வாங்க, செரமம் பாக்காம வந்தீங்க" என்று சாமியப்பனிடம் அவள் சொன்னதை அவன் தன் காதால் கேட்டான். இருபது வருஷம் அந்தச் சாமியப்பனை வராந்தாவில் செருப்போடு ஏறியதற்காக நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். ஊருக்கு அது பிடித்திருந்தது. துளசிமணி பதமாகிவிட்டாள், இந்த நம்பரால் ஒரு நன்மை என்று பேசிக்கொண்டார்கள். அன்று மாலை அவன் பேச்சுக் கொடுத்தபோது அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"தள்ளறது எனக்குக் கஷ்டமில்லடா. நாளைக்கும் அவங்க வரோணுமில்ல? வர்றவங்கள எப்புடித் திட்டறது?"

அன்றே அவன் கோயமுத்தூருக்குச் சொல்லி, ஒரு வாரத்தில் சென்சார்களை வரவழைத்தான். சரிவருமா என்று பார்க்க முதலில் பால் சொசைட்டி செயலாளரின் வண்டியில் செத்த சென்சாரைக் கழற்றிப் புதியதைப் போட்டான். மறுநாள் பெரியதம்பி ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தார், தாம் போட்ட டீயைத் தாமே ஒரு வாய் குடித்தார், துப்பினார், இதையா இத்தனை மாதம் குடித்தீர்கள், ஒருத்தராவது சொல்லக்கூடாதா என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் மனம் நொந்து கேட்டார். ஆக, வழி சரி. ஆனால் செய்தி பரவியதும் மற்றவர்கள் தங்கள் நம்பருக்குரிய வண்டிகளைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நேராக நின்றால் இனி ஊரே தமக்குச் சாய்ந்து தெரியும் என்றார் வாத்தியார். எந்நேரமும் காலை என்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார் சாமியப்பன். நல்லசிவம் அவர்களை விட்டுவிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே வண்டி.

செல்லமுத்து முடியாது என்றான். அவன் கெட்டவன் இல்லை, தர்க்கம் தெரிந்தவன். ஓடுகிற வண்டியில் மெக்கானிக்கைக் கைவைக்கவிடும் வழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அதோடு இந்த வண்டி சாவியைத் திருப்புவதற்கு முன்பே ஓடத் தயாராக இருந்தது.

"புதுசு போட்டா அதும் ஒரு சென்சார்தானுங்கண்ணா. என்னைக்காச்சும் கெடும். இப்ப என்ற வண்டியில சென்சாரே இல்லாம ஓடுது. இல்லாதது எப்படிங்க கெட்டுப்போகும்?"

நல்லசிவம் மூன்று முறை போய்க் கேட்டான். மூன்றாம் முறை செல்லமுத்து, அக்கா நன்றாகத்தானே இருக்கிறார்கள், வேளைக்குச் சாப்பாடு ஆகிறதே, முறைப் பட்டியலில் என் பேரும் இருக்கிறது, வந்து தள்ளுகிறேன் என்று சமாதானம் சொன்னான்.

அவன் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. ஒன்பதுக்குப் போக வேண்டியவன், வழியில் ஒரு கடைக்குப் போர்வை இறக்கிவிட்டு வருவதற்குள் பத்தே முக்கால் ஆகிவிட்டது. ராமாத்தாள் அன்று லீவு. கூடத்தில் பிள்ளைகளின் தட்டுகள் கழுவி அடுக்கியபடி இருந்தன. துளசிமணி அடுப்பின் முன்னால் தீக்குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். அவன் நிழல் வாசலில் விழுந்ததும் கண்ணை மட்டும் திருப்பினாள். செல்லமுத்து வாசலிலேயே நின்று தோள்களைக் குறுக்கிக்கொண்டான். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவன் ஐந்து வருஷம் சாப்பிட்டான். தட்டைக் கழுவாமல் வந்ததற்காக அவள் திட்டியது ஒவ்வொன்றும் அவனுக்குத் தேதியோடு நினைவிருந்தது. இன்றைக்கு முழுசாக ஒன்று வாங்கப்போகிறோம் என்று தெரிந்து, அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான்.

"வாங்க செல்லமுத்து," என்றாள் துளசிமணி. "வேலையா இருந்தீங்களாட்ட இருக்குது. பரவால்லீங்க. நான் சும்மாதான உக்காந்திருக்கறேன்."

அவன் தள்ளினான். அவள் எழுந்து குச்சியை உரசினாள், உலை வைத்தாள், கரண்டி எடுத்தாள். அவன் போகவில்லை, உட்காரத் தெரியாத அந்த மனிதன் கூடத்துத் தூணோரம் முக்கால் மணி நேரம் நின்று, இப்போது திட்டு வரும், இதோ வரும் என்று காத்திருந்தான். சோறு வெந்த சத்தம்தான் வந்தது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தான், சாவியில் விரல் பட்டதுமே எஞ்சின் முறுவலித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது, அது அவனுக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. சந்தைக்குப் போகிற பக்கம் திருப்பாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான்.

"போட்டுருங்கண்ணா. நாளைக்கு நடுரோட்டுல நின்னாலும் நிக்கட்டும்," என்றான். சற்றுக் கழித்து, யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்கிறவன்போலக் குரலைத் தாழ்த்தி, "என்னையப் போயி வாங்க போங்கன்னு பேசறாங்க," என்றான்.

நல்லசிவம் கவரைக் கழற்றினான். செத்த சென்சாரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இரண்டு போல்ட்டையும் ஒரே அளவாக இறுக்கி, ஒயரைச் சொருகி, சொருகியது நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு வழக்கம்போல இரண்டு நொடி எரிந்து அணைந்தது. முதல் முறை எஞ்சின் எடுக்கவில்லை, இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை, எல்லா வண்டிகளையும் போல, கொஞ்சம் இருமிவிட்டு எடுத்தது.

மறுநாள் விடியலில் நல்லசிவம் அக்காவைத் தள்ளிவிடக் கட்டிலருகே போனபோது கட்டில் காலியாக இருந்தது, போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெறுங்காலோடு வெளியே ஓடினான். வீட்டை ஒட்டிய தன் ஒர்க்‌ஷாப்பின் கதவு திறந்து கிடந்தது; துளசிமணி உள்ளே, வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவில், இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் தொடங்கினாள். கொண்டை ஊசியில் தொடங்கி, அது தன் அம்மா வாங்கிக் கொடுத்தது என்பதையும், அவன் அதைக் கேட்காமல் எடுத்த தேதியையும், வெள்ளிக்கிழமை சத்தியம் செய்தவன் சனிக்கிழமை காலண்டரைப் பார்த்ததையும், பார்க்காமலே அவள் அதை அறிந்திருந்ததையும், பள்ளிக்கூடம் இருந்த இருபத்தேழு நாளும் இருபத்தேழு பேருக்கு மரியாதை போட்டுப் பேசிப் பேசித் தன் நாக்கு தேங்காய் நார்போல ஆகிவிட்டதையும், ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்த எண்ணெய்த் துணியையும், அவன் நகத்தையும், பிறகு மறுபடி முதலிலிருந்து ஊசியையும் அவள் வரிசை தவறாமல் சொல்லச் சொல்ல, தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, சாமியப்பன் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து கேட்டார், பெரியதம்பி பாய்லரை அணைத்துவிட்டுக் கேட்டார். நல்லசிவம் தலையைக் குனிந்து நின்றான். தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவன் திட்டு வாங்கியதில்லை.

சட்டைப் பொத்தானுக்கு வந்தபோது அவள் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு நொடி போயிற்று, இன்னொரு நொடி போயிற்று, தெரு அசையாமல் நின்றது. ஒரு மாதப் பழக்கத்தில் நல்லசிவத்தின் இரண்டு கைகளும் தாமாகவே உயர்ந்து அவள் தோளை நோக்கி நீண்டன.

துளசிமணி அந்தக் கைகளைப் பார்த்தாள். இழுத்த மூச்சை விட்டாள்.

"கைய எறக்குடா," என்றாள். பிறகு, விட்ட பொத்தானிலிருந்து தொடர்ந்தாள்.